பசுவின் வயிற்றுக்குள் போன பை ஏன் வெளியே வருவதில்லை?

2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னை வேப்பேரியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவர்கள், கன்று ஈன்று சில வாரங்களே ஆகியிருந்த ஒரு பசுவின் வயிற்றைத் திறந்து, ஐந்தரை மணி நேரம் உழைத்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். அந்த எடையைக் கேட்டுத் திகைக்காதவர்கள் இருக்க முடியாது. ஆனால் அந்த எடைக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. கடையில் தரும் மெல்லிய பாலித்தீன் பை ஒன்றின் எடை சில கிராம்தான். ஆகவே 52 கிலோ என்றால் ஆயிரக்கணக்கான பைகள். அவை ஒரு நாளில் உள்ளே போயிருக்க முடியாது. மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில்கூட, ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை அவை. நாயோ மனிதக் குழந்தையோ விழுங்கிவிடும் சிறு பொருள் பல நேரங்களில் ஓரிரு நாளில் தானாகவே வெளியேறிவிடுகிறது. பசு விழுங்கிய பை மட்டும் ஏன் உள்ளேயே தங்கிவிடுகிறது? விடை, புல்லை உணவாக்கிக்கொள்ள அதன் வயிறு பெற்றிருக்கும் அமைப்பிலேயே இருக்கிறது.

மாடு புல் தின்கிறது என்று நாம் சொல்கிறோம். நுணுகிப் பார்த்தால், புல்லைச் செரிப்பவை அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளே. புல்லிலும் வைக்கோலிலும் பெரும்பகுதியாக உள்ள செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளை உடைக்கும் நொதியை எந்தப் பாலூட்டியும் தானாகச் சுரப்பதில்லை. அந்த வேலையை மாடு, தன் வயிற்றின் நான்கு அறைகளில் முதலாவதும் மிகப் பெரியதுமான ரூமன் என்ற பெருவயிற்றில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் புரோட்டோசோவாக்களுக்கும் பூஞ்சைகளுக்கும் விட்டுவிட்டது. வளர்ந்த பசுவின் பெருவயிறு நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். அதில் உள்ள நீரில் ஒரு மில்லிலிட்டரை எடுத்தால் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் இருக்கும். காற்று புகாத, ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அந்த இருட்டறையில் நார் மெல்ல மெல்லப் புளித்து, அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாறுகிறது. பெருவயிற்றின் உட்சுவரில் நெருக்கமாக முளைத்திருக்கும் சிறு விரல் போன்ற நீட்சிகள் இந்த அமிலங்களை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கின்றன. பசு நடப்பதற்கும், மூச்சு விடுவதற்கும், பால் சுரப்பதற்கும் வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த வழியாகத்தான் வருகிறது.

புளிக்க நேரம் வேண்டும். அதனால் நார் போதிய அளவு சிதையும் வரை அதை வெளியே விடாமல் பிடித்துவைக்க வேண்டும். இதற்காக அமைந்ததுதான் பெருவயிற்றையும் அதை ஒட்டிய தேன்கூட்டறையையும் மூன்றாவது அறையான ஏட்டறையிலிருந்து பிரிக்கும் குறுகிய வாசல். சில மில்லிமீட்டர் அளவுக்குச் சிறுத்து, நீரில் ஊறிக் கனத்துக் கீழே இறங்கிய துணுக்குகளே அந்த வாசலை எளிதில் கடக்கின்றன. நீளமான தண்டும் புதிதாக வந்த வைக்கோலும் மேலே மிதக்கும் அடர்ந்த மெத்தையில் சிக்கி நிற்கும். பசு ஓய்வாகப் படுத்திருக்கும்போது அந்த மெத்தையிலிருந்து கவளம் கவளமாக வாய்க்குத் திரும்பி வந்து அசைபோடப்படும். ஒரு பசு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை அசைபோடுவது, அந்த வாசலைக் கடக்கும் அளவுக்குத் தீவனத்தைப் பொடியாக்குவதற்காகத்தான். பொடியாகாதது உள்ளேயே இருக்கட்டும் என்பது அந்த வயிற்றின் விதி. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்த விதி பசுவின் முன்னோர்களுக்கு நன்மையே செய்தது. ஏனென்றால் எந்தத் தண்டும் எந்த இலையும், காலம் கொடுத்தால், கடைசியில் பொடியாகியே தீரும்.

பாலித்தீன் பொடியாவதில்லை. செல்லுலோஸும் நீண்ட சங்கிலிதான், பாலித்தீனும் நீண்ட சங்கிலிதான். ஆனால் செல்லுலோஸ் சங்கிலியில் ஒவ்வொரு சர்க்கரைக் கண்ணியையும் அடுத்ததோடு இணைப்பது ஓர் ஆக்சிஜன் அணு. நுண்ணுயிரிகளின் நொதிகள் நீர் மூலக்கூறு ஒன்றின் துணையோடு அந்த இணைப்பைக் குறிபார்த்து அறுக்கின்றன. பாலித்தீனில் அப்படி அறுப்பதற்குத் தோதான இடமே கிடையாது. ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஹைட்ரஜனைப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. போதாததற்கு அது நீரை அண்டவிடாத பொருள். 1933-இல் இங்கிலாந்தின் ஒரு வேதித் தொழிற்சாலையில் தற்செயலாக உருவான இந்தப் பொருளைப் பசுவின் வயிற்றிலுள்ள உயிர்கள் இதற்கு முன் சந்தித்ததே இல்லை. பல்லால் அரைத்தாலும் அது நசுங்குமே தவிர உடைவதில்லை. நீரைவிட எடை குறைந்தது என்பதால் அடியில் இறங்குவதுமில்லை. வாசலைக் கடப்பதற்கு வேண்டிய இரண்டு தகுதிகள் சிறுத்தலும் கனத்தலும். பாலித்தீனுக்கு இரண்டும் இல்லை.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். 2021-இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள், இறைச்சிக்கூடத்திலிருந்து பெற்ற ரூமன் நீரைக் கொண்டு சிலவகைப் பிளாஸ்டிக்குகளைச் சிதைக்க முடியும் என்று காட்டினார்கள். உடனே மாட்டின் வயிறு பிளாஸ்டிக்கைச் செரித்துவிடும் என்ற பொருளில் அது பரவியது. அவர்கள் ஆய்ந்தவை தண்ணீர்ப் புட்டி செய்யப் பயன்படும் பெட் உள்ளிட்ட மூன்று பாலியெஸ்டர்கள். இலைகளின் மேல் மெழுகுத்தோலாக இருக்கும் கியூட்டினும் இயற்கையான பாலியெஸ்டர் என்பதால், அதை அறுக்கப் பழகிய நொதிகள் இவற்றின் இணைப்பையும் ஓரளவு அறுக்கின்றன. அதிலும் தூளாக அரைத்த பிளாஸ்டிக்தான் தகடாக இருந்ததைவிட விரைவாகச் சிதைந்தது. பாலித்தீன் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. தொழிற்சாலைத் தொட்டியில் ஒருநாள் பயன்படக்கூடிய நல்ல ஆய்வு அது. தெருவில் நிற்கும் பசுவுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

தங்கிவிட்ட பை சும்மா கிடப்பதும் இல்லை. பெருவயிறு நிமிடத்துக்கு ஓரிரு முறை சுருங்கி விரிந்து உள்ளிருப்பதைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. தீவனத்தை நன்றாகக் கலக்கும் இந்த அசைவு, பைகளை ஒன்றோடொன்று முறுக்குகிறது. சணல் கயிறும் துணிக் கிழிசலும் வைக்கோலும் அவற்றோடு பின்னிக்கொள்கின்றன. நாளடைவில் அது கையால் பிரிக்க முடியாத இறுகிய பந்தாகிவிடுகிறது. அந்தப் பந்து பிடிக்கும் இடம் முழுவதும் தீவனம் இருந்திருக்க வேண்டிய இடம். வயிறு நிறைந்திருக்கிறது என்ற உணர்வு பசுவுக்கு வந்துவிடுவதால் அது தின்பதைக் குறைத்துக்கொள்கிறது. பார்ப்பவர்களுக்கும் வயிறு புடைத்து நன்றாகத் தின்ற மாடு போலவே தெரியும். உள்ளே அது பட்டினி கிடக்கிறது. சுவரை ஒட்டிப் படியும் பிளாஸ்டிக் தாள்கள் அமிலங்கள் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதும், உராய்ந்து சுவரைப் புண்ணாக்குவதும் இதனோடு சேரும். பால் குறைவதும் விலா எலும்புகள் தெரியத் தொடங்குவதும் இதன் வெளி அடையாளங்கள்.

இதைவிட விரைவாகக் கொல்வது வாயு. நார் புளிக்கும்போது மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகின்றன. மீத்தேன் மட்டுமே ஒரு மாட்டிலிருந்து நாளொன்றுக்கு 250 முதல் 500 லிட்டர் வரை வெளிவருகிறது. பசு இதை இடைவிடாமல் ஏப்பமாக வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உணவுக்குழாய் பெருவயிற்றில் திறக்கும் இடத்தை மிதக்கும் பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டாலோ, பாரம் தாங்காமல் வயிற்றின் சுருக்கங்கள் ஓய்ந்துவிட்டாலோ ஏப்பம் நின்றுவிடும். இடப்பக்க வயிறு முரசுபோல் உப்பும். உப்பிய வயிறு உதரவிதானத்தை முன்னே தள்ளி நுரையீரலை நெருக்குவதால், தக்க நேரத்தில் காற்றை வெளியேற்றாவிட்டால் மாடு மூச்சு முட்டி இறந்துபோகும். கால்நடை வளர்ப்போர் வயிறு உப்புசம் என்று சொல்லும் இந்த நிலை அடிக்கடி வந்து வந்து போகிறது என்றால், உள்ளே பிளாஸ்டிக் இருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயப்படுகிறார்கள்.

குப்பைப் பைக்குள் பிளாஸ்டிக் மட்டும் இருப்பதில்லை. ஊசி, ஆணி, கம்பித் துண்டு ஆகியவையும் கூடவே உள்ளே போகின்றன. கனமான உலோகம் தேன்கூட்டறையில் போய் விழும். அந்த அறைக்கு முன்னால், உதரவிதானத்தைத் தாண்டியதும், இதயம் இருக்கிறது. தேன்கூட்டறை சுருங்கும்போது கூர்மையான கம்பி சுவரைத் துளைத்துக்கொண்டு முன்னேறி இதய உறையைக் குத்திச் சீழ் பிடிக்கச் செய்வது கால்நடை மருத்துவத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட நோய்.

மாடு இவற்றை ஏன் தின்கிறது என்பதற்கு அதன் பேராசையையும் அறியாமையையும் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அது நியாயமே அல்ல. மாட்டுக்கு மேல் தாடையில் முன்பற்கள் கிடையாது. புல்லை நாக்கால் சுற்றிவளைத்து, கீழ்ப்பற்களை மேலண்ணத்தோடு அழுத்தி அறுத்து, அதிகம் மெல்லாமல் விழுங்கிவிடும்; மெல்லும் வேலை பிறகு அசைபோடும்போதுதான். உதடுகளால் ஒவ்வொரு இலையாகத் தேர்ந்து கடிக்கும் ஆட்டின் நுட்பம் மாட்டுக்கு இல்லை. இந்த வாயின் முன்னால், வாழைப்பழத் தோலும் மிஞ்சிய சோறும் உப்பும் மணமும் நிறைந்த ஒரு பை, வாய் இறுக முடிச்சுப் போடப்பட்டுக் கிடக்கிறது. முடிச்சை அவிழ்க்கப் பசுவுக்கு விரல் இல்லை. மணம் உள்ளே உணவு இருக்கிறது என்று உண்மையைத்தான் சொல்கிறது. அது பையோடு விழுங்குகிறது. முடிச்சைப் போட்டவர்கள் நாம்.

இந்தக் குப்பை ஒரு காலத்தில் குப்பையாகவே இருந்ததில்லை என்பதை நினைத்தால் மனம் வலிக்கிறது. அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் வடித்த கஞ்சியும் வீட்டுக்கு வீடு கழுநீர்ப் பானையில் சேரும்; மாடு வைத்திருப்பவர் வந்து எடுத்துப்போவார், அல்லது மாடே வாசலுக்கு வரும். அதே தோலும் அதே மிச்சமும்தான் இன்றும் தெருவுக்கு வருகின்றன. பானை இருந்த இடத்தில் பை வந்துவிட்டது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பையில்லாமல் போட்டாலும், சமைத்த சோற்றை அளவுக்கு மீறி மாட்டுக்குக் கொடுப்பது கேடுதான். மாவுச்சத்து மிக விரைவாகப் புளித்து லாக்டிக் அமிலத்தைப் பெருக்கிப் பெருவயிற்றின் நுண்ணுயிரிகளையே அழித்துவிடும். தோலையும் கீரைத்தண்டையும் தனியாக, பையிலிருந்து உதறிப் போடுவதே அதற்குச் செய்யும் உதவி.

ஆந்திரத்தின் புட்டபர்த்தியில் இயங்கும் கருணா சொசைட்டி என்ற விலங்குநல அமைப்பு, தான் மீட்ட மாடுகளின் வயிற்றில் கண்டதை முன்வைத்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், தடிமன் எதுவானாலும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பைகள் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. நாடு தழுவிய விதிகள் பையின் குறைந்தபட்சத் தடிமனை 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானாகவும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானாகவும் உயர்த்தின. தடித்த பைக்கு எடை உண்டு, எடைக்கு விலை உண்டு, ஆகவே பொறுக்குபவர் கையில் அது சேரும் என்பது இந்த விதியின் கணக்கு. மெல்லிய பையைக் குனிந்து எடுப்பவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை என்பதால் அது தெருவிலேயே கிடக்கிறது. கணக்கு சரியானதுதான். ஆயினும் உள்ளே சோற்றை வைத்து முடிச்சிட்ட பை எத்தனை மைக்ரானாக இருந்தாலும், பெருவயிற்றின் வாசலுக்கு அது ஒன்றுதான்.

விலங்கு மாறினால் கேடு விளையும் முறையும் மாறுகிறது. யானையின் வயிறு அசைபோடும் வயிறு அல்ல. அதன் நார்ச் செரிமானம் குடலின் பின்பகுதியில் நடக்கிறது. பொடியாகும் வரை உணவை நிறுத்திவைக்கும் வாசல் அங்கே இல்லாததால், விழுங்கிய பிளாஸ்டிக்கில் ஒரு பகுதி சாணத்தோடு வெளியே வந்துவிடுகிறது. 2022-இல் வெளியான ஆய்வொன்றில், உத்தராகண்ட் காடுகளில் சேகரித்த யானைச் சாணத்தில் பை, உறை, உண்கலத் துண்டு எனப் பலவும் கிடைத்தன. விதைகளைக் காடெங்கும் கொண்டுசேர்த்து மரம் வளர்க்கும் விலங்கு, அதே நடையில் பிளாஸ்டிக்கையும் காட்டின் உட்பகுதிக்குச் சுமந்துசெல்கிறது. அந்தச் சாணத்தைக் கிளறும் மற்ற உயிர்களுக்கும் அது போய்ச் சேர்கிறது. எல்லா யானையும் இப்படித் தப்பிவிடுவதில்லை. இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு குப்பை மேட்டில் மேய்ந்த யானைகளில் ஏறத்தாழ 20, எட்டு ஆண்டுகளில் இறந்துபோயின. இறந்த யானைகளின் வயிற்றில் பாலித்தீனும் உணவு உறைகளும் இருந்தன.

கடலில் ஆமையின் தொண்டை, பசுவின் பெருவயிற்றுக்கு ஒப்பானதொரு பொறியாகிவிடுகிறது. கடலாமையின் உணவுக்குழாய் முழுவதும் வயிற்றை நோக்கிச் சாய்ந்த கூரிய முட்கள் வரிசையாக இருக்கும். வழுக்கும் ஜெல்லிமீனை விழுங்கும்போது கூடவே வரும் உப்புநீரை ஆமை வெளியே தள்ளும். அந்நேரம் இரை வழுகிப் போகாதபடி இம்முட்கள் பிடித்துக்கொள்ளும். ஜெல்லிமீன் என்று நம்பி விழுங்கிய பையையும் அவை அதே போலப் பிடித்துக்கொள்கின்றன. ஆமை விரும்பினாலும் துப்ப முடியாது. 2018-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இறந்த கடலாமைகளை ஆராய்ந்து, ஒரே ஒரு துண்டு பிளாஸ்டிக்கை விழுங்கிய ஆமைக்கே அதனால் இறக்கும் வாய்ப்பு 22 சதவீதம் என்றும், 14 துண்டுகளில் அது 50 சதவீதமாகிறது என்றும் கணக்கிட்டார்கள். பசுவைப் போலக் கிலோக்கணக்கில் சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடலின் வளைவில் குறுக்கே மாட்டிக்கொள்ளும் ஒரு துண்டே போதும்.

பார்வை மட்டும்தான் ஏமாற்றுகிறது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. கடல்நீரில் கிடக்கும் பிளாஸ்டிக்கின் மேல் பாசியும் நுண்ணுயிரிகளும் படிகின்றன. மிதவைத் தாவரங்களைச் சிறு உயிர்கள் மேயும்போது வெளிப்படும் டைமீத்தைல் சல்ஃபைடு என்ற வேதிப்பொருளின் மணம், ஷியர்வாட்டர் போன்ற பெருங்கடல் பறவைகளுக்குப் பல கிலோமீட்டர் பரப்பில் இரை எங்கே என்று வழிகாட்டுகிறது. கலிபோர்னியக் கடலில் சில வாரங்கள் ஊறப்போட்ட பிளாஸ்டிக் மணிகளிலிருந்து இதே மணம் எழுவதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த மணத்தைப் பின்தொடரும் பறவை இனங்களே அதிகமாகப் பிளாஸ்டிக்கை விழுங்குகின்றன என்பதும் அதில் தெரியவந்தது. தெருவில் பசுவுக்கு நேர்வதும் நடுக்கடலில் பறவைக்கு நேர்வதும் ஒன்றுதான்: மூக்கு பழுதாகவில்லை, அது நம்பிவந்த மணம் வேறொன்றின் மேல் ஏறிக்கொண்டுவிட்டது.

விழுங்கிய விலங்கு இறந்தாலும் பை இறப்பதில்லை. உடல் மக்கியதும் அது மீண்டும் வெளியே வருகிறது. வெயிலின் புறஊதாக் கதிர் பட்டுப்பட்டு நொறுங்கும் தன்மையடைந்து, 5 மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்பிளாஸ்டிக்காகச் சிதறுகிறது. சிதறுவது வேறு, மக்குவது வேறு என்பதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். சங்கிலி குட்டையாகிறதே தவிர, மறைவதில்லை. பையாக இருந்தபோது மாட்டின் வாய்க்கு ஏற்ற அளவில் இருந்தது, இப்போது மண்புழுவுக்கும் சிப்பிக்கும் மீன்குஞ்சுக்கும் ஏற்ற அளவுக்கு வந்துவிடுகிறது. நீரை வெறுக்கும் அதன் மேற்பரப்பு, நீரில் கரைய மறுக்கும் மற்ற நஞ்சுகளுக்குப் பிடித்தமான இடம். கடலில் மிதந்த பிளாஸ்டிக் குருணைகளில் பிசிபி என்ற தொழில்துறை நஞ்சு, சுற்றியுள்ள நீரில் இருப்பதைப் போலப் பல லட்சம் மடங்கு செறிந்திருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001-இலேயே கண்டறிந்தார்கள்.

வேப்பேரியில் அன்று நடந்தது போன்ற அறுவையே, வயிற்றில் இறுகிவிட்ட பிளாஸ்டிக்குக்கு இன்று உள்ள மருத்துவம். அதைக் கரைக்கும் மருந்து கிடையாது. எக்ஸ்-ரே படத்தில் உலோகம் தெரியுமே தவிர பாலித்தீன் தெளிவாகத் தெரியாது. மருத்துவர் பசியின்மையையும், சாணம் குறைவதையும், மீண்டும் மீண்டும் வரும் உப்புசத்தையும், இடப்பக்க வயிற்றை அழுத்தினால் பிசைந்த மாவுபோல் குழிவதையும் வைத்தே முடிவுக்கு வருகிறார். பெரும்பாலும் மாட்டை நின்ற நிலையிலேயே வைத்து, இடப்பக்க விலாவுக்குப் பின்னால் மயிர் மழித்து, அவ்விடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, தோலையும் தசையையும் திறந்து, பெருவயிற்றின் சுவரை வெளியே இழுத்துப் பொருத்திய பிறகே அதைத் திறக்கிறார்கள்; உள்ளிருக்கும் புளித்த நீர் வயிற்றறைக்குள் ஒரு துளி சிந்தினாலும் சீழ் பிடிக்கக்கூடும். பிறகு தோள்வரை கையை உள்ளே விட்டு, இறுகிய பந்தைச் சிறிது சிறிதாகப் பிய்த்து எடுக்க வேண்டும். எல்லா மாடும் பிழைப்பதில்லை. 2021-இல் ஹரியானாவின் ஃபரிதாபாதில் 71 கிலோ கழிவு எடுக்கப்பட்ட சினைப்பசுவையும் அதன் கன்றையும் காப்பாற்ற முடியவில்லை.

பிழைக்கும் மாட்டுக்கும் வயிறு தைக்கப்பட்டதோடு வேலை முடிவதில்லை. பல நாள் பட்டினியிலும் அறுவையிலும் பெருவயிற்றின் நுண்ணுயிரிகளில் பெரும்பகுதி மடிந்திருக்கும். அவை இல்லாமல் எவ்வளவு நல்ல புல்லைக் கொடுத்தாலும் அது உணவாகாது. எனவே நலமாக இருக்கும் வேறொரு மாட்டின் பெருவயிற்றிலிருந்து சில லிட்டர் நீரை எடுத்து, சூடு ஆறுவதற்குள் வடிகட்டி, நோயுற்ற மாட்டின் வயிற்றுக்குள் செலுத்துகிறார்கள். அந்த நீரில் வரும் உயிர்கள் பெருகிப் புளிப்பு மீண்டும் தொடங்கியதும், படுத்திருக்கும் மாட்டின் கழுத்தில் ஒரு கவளம் மேலேறுவது கண்ணுக்குத் தெரியும். மருத்துவர்கள் காத்திருப்பது அந்த முதல் அசைக்காகத்தான்.